தகட்டுக்கு அந்தப் பக்கம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் பெயர் ராக்கியப்பன். அவனுக்கு அப்புறம் பலபேர் செய்தார்கள். அவர்களெல்லாம் பின்னால் நிற்கட்டும், முதலிடம் இவனுக்குத்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக மனசுக்குள் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நிஜமாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கரூர் பஸ் ஸ்டாண்டு, குளித்தலை பஸ், மத்தியான வெயில். நான் ஜன்னலோரம் பிடித்து, மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் கொய்யாப்பழப் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, சீட்டுக்குக் கீழே சக்கரம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குப் பாடி கட்டியவனுக்குச் சக்கரத்தின் மேல் உட்காரப் பிடிக்காது. அப்போது ஒரு பெண் ஏறினாள். அவள் பின்னால் ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தார். கிழவர் என்றுதான் முதலில் பார்த்தேன், மரியாதையாகக்கூட நினைத்தேன். அப்புறம் அந்த நடை. வலது தோளை முன்னால் தள்ளி, இடது உள்ளங்கையை எதன் மேலாவது வைத்துக்கொண்டே நடக்கிற நடை. சீட்டு முதுகு, கம்பி, ஆள் தோள், எது அகப்பட்டாலும் கையை விரித்து அதன்மேல் வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். அந்தக் கையை எனக்குத் தெரியும். என் இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை. மறைக்க வேண்டியவன் அவன் அல்லவா. “ஏனுங்கய்யா, எங்க மாமனாருக்கு அந்த ஜன்னலோரத்த விட்டுத் தாங்களேன், வெயிலுக்குத் தலையச் சுத்துதுங்கறாரு” என்றாள் அந்தப் பெண். “எனக்கும் சுத்துமுங்க” என்றேன். எனக்குத் தலை சுற்றியதே கிடையாது. “ரெண்டு பேருக்கும் சுத்துனா நான் யாரப் போயிப் புடிக்கிறது?” என்று சிரித்துக்கொண்டு அவனை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கச் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். விடவில்லை. ஜன்னலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றையாவது விட்டுக்கொடுக்காமல் இருந்தேன் என்று பஸ் கிளம்பும்வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கூடவே இது என்ன பெரிய வெற்றி என்றும் தோன்றியது.

நான் தட்டவில்லை. அதைத்தான் அவன் சொல்லவேண்டும். வையாபுரி தட்டவில்லை, அவன் தட்டும் முன்பே நான்தான் அடித்தேன் என்று அவன் வாயால் ஒருதரம் சொன்னால் போதும். பஸ்ஸுக்குப் பக்கத் தகடு பொருத்துவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் வெளியே நின்று ரிவெட் கன்னைப் பிடித்து ஆணித்தலையில் அடிப்பான். இன்னொருவன் பஸ்ஸுக்கு உள்ளே உட்கார்ந்து, ஆணியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் டாலி என்கிற இரும்புக் கட்டியை வைத்து அழுத்திப் பிடிப்பான். வெளியிலிருந்து விழுகிற அடியில் வால் அந்தக் கட்டியில் மோதி நசுங்கிப் பூவாக விரிந்துகொள்ளும். நடுவில் தகடு. இவனை அவனும் பார்க்க முடியாது, அவனை இவனும் பார்க்க முடியாது. பட்டறைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவன் டாலியைச் சரியாக வைத்தபிறகு தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். பிடித்துவிட்டேன், அடி என்று அர்த்தம். வெளியே இருப்பவன் இடது உள்ளங்கையைத் தகட்டில் ஒட்டி வைத்திருப்பான், காதால் அல்ல, கையால்தான் கேட்பான். அன்றைக்கு வண்டி பூஜைக்குப் போகவேண்டிய அவசரம். முதலாளி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் உள்ளே, அவன் வெளியே. துளையைச் சுற்றிப் பிசிறு நின்றிருந்தது. பிசிறோடு அடித்தால் தகடு ஒட்டாது, மழைக்கு ஒழுகும். டாலியை ஒரு விரல் அகலம் விலக்கிக்கொண்டு, இடது கை விரல்களால் அந்தப் பிசிறைத் துடைத்தேன். தட்டவில்லை. இன்னும் தட்டவில்லை. அடி விழுந்துவிட்டது. ஆணி வாலுக்கும் இரும்புக்கும் நடுவில் என் விரல்கள் இருந்தன. வலி அப்போது தெரியவில்லை, ஒரு சூடு மட்டும் தெரிந்தது, காதுக்குள் யாரோ கதவை மூடினமாதிரி இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றேன். முதலாளி கேட்டார், “என்ன ராக்கியப்பா, எப்படி ஆச்சு?” அவன் என்னைப் பார்க்கவில்லை. கன்னுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான், “தட்டுனானுங்க, அடிச்சனுங்க.”

தட்டுனானுங்க, அடிச்சனுங்க. பஸ் புலியூரைத் தாண்டும்போது சக்கரம் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு போகிறது. இல்லை, சக்கரம் இல்லை, என் முழங்கால் பக்கத்தில் தகட்டில் ஒரு ரிவெட் தளர்ந்திருக்கிறது, அது பள்ளத்துக்குப் பள்ளம் டக் டக்கென்று ஆடுகிறது. கட்டை விரலால் அழுத்தினால் நிற்கிறது, எடுத்தால் ஆடுகிறது. எடுக்க மனசு வரவில்லை. பஸ்ஸில் எங்கே போனாலும் எனக்கு இந்த வியாதி, மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், நான் ஜன்னலையே பார்ப்பேன். அவனும் அதையேதான் பார்க்கிறான். கழுத்தை நீட்டி என் முழங்கால் பக்கம் பார்க்கிறான். அவன் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் வருகிறது, வெற்றிலை வாசனை வருகிறது, அன்றைக்கும் இதே வாசனைதான். காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான், “ஆணி ஆடுதுங்க. உள்ள புடிச்சவன் சரியாப் புடிக்கல.” எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இன்னுமா? இந்த வண்டியை எவன் கட்டினானோ, எந்த ஊரில் கட்டினானோ, அதில்கூட உள்ளே பிடித்தவன்தான் குற்றவாளியா? “வெளிய அடிச்சவன் அவசரப்பட்டிருப்பான்!” என்று நானும் கத்தினேன். அவன் தலையை ஆட்டினான், நான் சொன்னதை ஒத்துக்கொண்டமாதிரி. முன்சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, “என்ன தாத்தா, சம்பந்திங்க ரெண்டு பேரும் பொண்ணு வூட்டுச் சண்டைய பஸ்ஸுலயே வச்சிக்கிறீங்களா?” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “சம்பந்தியெல்லாம் இல்லீங்க, இவருக்குக் காது கேக்காது, அதான் கத்துறாரு. அவரு ஏன் கத்துறாருன்னு தெரியல.” நான் ஏன் கத்துகிறேன். நல்ல கேள்வி. இந்தப் பெண்ணிடம் சொல்லலாமா? உன் மாமனார் ஒரு பொய் சொன்னார் அம்மா, அதனால்தான் கத்துகிறேன் என்றால் என்ன நினைப்பாள்? பழைய பொய்யா, இப்ப என்னத்துக்குங்க என்பாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பழசானால் பொய் உண்மையாகிவிடுமா?

அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். சிலருக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் போதும். லாலாப்பேட்டையில் வீடு என்றாள், கண் ஆபரேஷன் பண்ணினதைக் காட்டத்தான் கரூருக்குக் கூட்டிவந்தேன் என்றாள், மாமியார் போனபிறகு மாமா வாயையே திறப்பதில்லை, திறந்தால் இப்படி ஊருக்கே கேட்கும் என்றாள். “காது எப்ப இருந்துங்க கேக்கல?” என்றேன். சும்மா கேட்டதுதான். “அது ரொம்ப வருஷமுங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அப்படித்தான். பஸ்ஸுப் பட்டறையில ஆணியடிச்சவரு, அந்தச் சத்தத்துல போயிருச்சாம். பட்டறையில யாருக்கும் சொல்லாமயே இருந்தாராம், சொன்னா வேலை போயிரும்னு. எங்க மாமியார் சொல்லும், எவளோ ஊமைக்கு வாக்கப்பட்டமாதிரி நான் செவிடனுக்கு வாக்கப்பட்டேன்னு.” அவள் சிரித்தாள். வெயில் முழங்காலில் விழுகிறது, உடம்பு குளிர்கிறது. யாருக்கும் சொல்லாமல் இருந்தான். எப்போதிலிருந்து? அன்றைக்கே அப்படித்தான் இருந்தானா? அப்படியானால் அவனுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. கேட்காதவன் ஏதோ ஒரு சத்தத்தைத் தட்டு என்று நினைத்து அடித்திருப்பான். தட்டுனானுங்க என்று சொன்னது அவனைப் பொறுத்தவரை நிஜமாகக்கூட இருந்திருக்கும். அப்படியானால் இது அநியாயம் இல்லை, ஒரு செவிடனின் தவறு. அப்படியானால் இவ்வளவு வருஷம் நான் எதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்? மாயனூர் வந்தது, கதவணைப் பக்கமிருந்து காற்று வந்தது. அவனை மன்னிக்கச் சொல்லி யாரோ கையை முறுக்குகிறமாதிரி இருக்கிறது. நான் மாட்டேன். காரணம் கிடைத்துவிட்டதாலேயே மன்னிக்க வேண்டுமென்று எங்கே இருக்கிறது?

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன்மேல் இருந்த கோபத்தில் கற்றது. இதை யாரிடமும் சொன்னதில்லை, என் சம்சாரம் மரகதத்துக்கு மட்டும் தெரியும். விரல் ஆறி வந்தபிறகு பட்டறையில் ஒருவனும் என்னோடு ஜோடி சேரவில்லை. கள்ளத்தட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். கள்ளத்தட்டு வந்துட்டான், கள்ளத்தட்டுக்கு டீ சொல்லு. வையாபுரி என்ற பேரே மறந்துபோயிற்று. அவன் டாலியைப் பிடிக்காமலே உள்ளே இருந்து தட்டுவான், நம்பி அடித்தால் விரல் போகும், போலீஸ் கேஸ் ஆகும், நமக்கு எதுக்கு என்றார்கள். தட்டு என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி, தகட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், மூன்றாவது சாட்சி கிடையாது. அதனால் ஒற்றை ஆள் வேலையாகத் தேடித்தேடிச் செய்தேன். ஜன்னல் சட்டம் அறுத்தேன். கதவுக்குக் கீல் பொருத்தினேன். சீட்டுக்கு அடிச்சட்டம் வளைத்தேன். தகட்டில் கோடு போட்டு வெட்டுகிறவர் ஊருக்குப் போனபோது அந்தக் கோட்டையும் போட்டேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் வரைபடத்தை இரண்டு ராத்திரி மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று பிடித்துவிட்டேன். ஒருவனோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்திருந்தால் நான் சாகும்வரை டாலி பிடித்துக்கொண்டிருப்பேன். யாரும் சேராததால் ஒரு முழு பஸ்ஸைக் கற்றுக்கொண்டேன். சேலம் ரோட்டுப் பட்டறையில் என்னை மேஸ்திரியாகக் கூப்பிட்டபோது அந்த முதலாளி கேட்டார், “உங்களுக்கு எந்த வேலை வரும்?” “ரிவெட்டுக்கு உள்ள புடிக்கிறதத் தவிர எல்லாம் வருமுங்க” என்றேன். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். தன் மகளைக் கொடுப்பதாகச் சொன்ன என் தாய்மாமன், விரல் போனதுகூடப் பரவாயில்லை, பொய்க்காரன்னு ஊரெல்லாம் பேச்சு என்று பின்வாங்கினார், எனக்கு அநியாயம் செய்தவர்கள் வரிசையில் அவர் இரண்டாவது. அதற்கப்புறம்தான் மரகதம். அவள் எப்போதும் சொல்வாள், “அந்த ராக்கியப்பனுக்கு நான் வருசா வருசம் பொங்கச் சீர் அனுப்போணும். அவன் மட்டும் இல்லீன்னா நீங்க எனக்கு எங்கிருந்து வந்து வாய்ப்பீங்க?” “அப்ப என் விரலு?” “விரல வச்சிக்கிட்டு அந்த மூக்கொழுகி மாமன் மகளக் கட்டியிருப்பீங்க.” அவள் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு நல்லது நடந்ததென்றால் அதை நான் செய்தேன். அவன் கணக்கில் எழுதவிடமாட்டேன்.

ரிவெட்டைத் திருகிக் கழற்ற முடியாது. அடித்தால் அடித்ததுதான். எடுக்கவேண்டுமென்றால் தலையில் துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டும், அப்படி எடுத்தால் ஓட்டை பெரிதாகிவிடும், பழைய ஆணி அதில் நிற்காது, இன்னும் பெரிய ஆணியாகத் தேடவேண்டும். இவன் செவிடன் என்று என் கோபத்தை எடுத்துவிட்டால் அந்த ஓட்டையில் எதை அடிப்பது? கிருஷ்ணராயபுரத்தில் ஆட்கள் ஏறுகிறார்கள், ஒரு ஆள் கோரைப்பாய்ச் சுருளோடு ஏறி அதை ராக்கியப்பன் மூஞ்சிக்கு நேராக நிறுத்துகிறான். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கை மட்டும் முன்சீட்டின் முதுகில் விரிந்து கிடக்கிறது, இடது உள்ளங்கை, அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டு. அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. காதால் யார் கேட்டார்கள்? பட்டறையில் யாருக்குத்தான் காது கேட்டது? எல்லாருமே கையால்தான் கேட்டோம். எனக்கே அது மறந்துபோயிற்றே, அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னதும் நானே அவனுக்கு வக்கீலாகிவிட்டேனே. கையால் கேட்பவனுக்குக் காது எதற்கு? ஆனால் அன்றைக்கு அவன் கை தகட்டில் இருந்ததா? முதலாளி பக்கம் திரும்பியிருந்தானா? டீக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானா? அது அவனுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்த பாதி என்னிடம் இருக்கிறது, மீதிப் பாதி இந்தக் கிழட்டு மண்டைக்குள் இருக்கிறது. இவன் செத்துப்போனால் அந்தப் பாதி போய்விடும். கண்ணைக் காட்டக் கூட்டிப்போகிறார்கள், அடுத்து நெஞ்சைக் காட்டக் கூட்டிப்போவார்கள். லாலாப்பேட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது? இவனிடம் கேட்டுவிட வேண்டும். கத்திக் கேட்டால் பஸ்ஸே கேட்கும். கேட்கட்டுமே. என்ன கேட்பது? அண்ணா, நான் வையாபுரி. சீ, அண்ணாவாம். வாயில் அப்படித்தான் வருகிறது.

ஒரு விஷயம் இருக்கிறது. நான் மேஸ்திரியான பட்டறையில் முதல் நாளே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டுத் தட்டினால் வெளியே இருப்பவன் திருப்பி ஒரு தட்டுத் தட்டவேண்டும், கேட்டது, அடிக்கப்போகிறேன் என்று. அந்த ஒரு தட்டு வராமல் உள்ளே இருப்பவன் பிடியைத் தளர்த்தக்கூடாது, அது இல்லாமல் வெளியே இருப்பவன் அடிக்கக்கூடாது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். “ஏனுங்க மேஸ்திரி, ஆணிக்கு ஆணி கதவத் தட்டி விருந்தாடி வந்திருக்கேன்னு சொல்லோணுமா?” என்று ஒருத்தன் கேட்டான். “ஆமா, சொல்லித்தான் ஆகோணும்” என்றேன். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போயிற்று, முதலாளியிடம் திட்டு வாங்கினேன். பிறகு ஒருவன் விரலும் போகவில்லை என்றதும் அவர் பேச்சை நிறுத்தினார். ஆட்கள் பட்டறை விட்டுப் பட்டறை மாறும்போது அந்தத் திருப்பித் தட்டுவதும் அவர்களோடு போயிற்று. எந்தப் பட்டறையில் கேட்டாலும் அது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம் என்பார்கள். என் விரலிலிருந்து வந்தது என்று ஒருவனுக்கும் தெரியாது. ராக்கியப்பனுக்குத் தெரியும். அவன் பட்டறைக்கும் அது வந்தபோது அவன் மட்டும் செய்யமாட்டேன் என்றானாம். “நான் எவனுக்கும் திருப்பித் தட்டமாட்டேன். என் கைக்குத் தெரியும்” என்றானாம். இதை எனக்கு வந்து சொன்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான், கிழவனுக்குத் திமிரு என்று. எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. திருப்பித் தட்டினால் அன்றைக்குத் தட்டு வராமல் அடித்ததை ஒத்துக்கொண்டமாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். என் கைக்குத் தெரியும் என்றான் அல்லவா? அந்த வார்த்தையை அப்போது ஏன் நான் பிடித்துக்கொள்ளவில்லை? அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். பஸ் குலுங்குகிறது, ஆணி ஆடுகிறது, நான் கட்டை விரலை அதன் மேலிருந்து எடுத்துவிட்டேன்.

மகாதானபுரம் தாண்டியதும் துண்டை விலக்கினேன். பாதி விரல்கள் இருக்கிற இடது கையால் முன்சீட்டு முதுகுத் தகட்டில், அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான். எனக்கே சத்தம் கேட்கவில்லை, பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அவன் முகம் நேராகத்தான் இருந்தது. ஆனால் மடியில் கிடந்த வலது கை அசைந்தது. ஆள்காட்டி விரல் உள்ளே மடங்கியது. கன்னின் விசையை இழுக்கிற மடக்கு. தற்செயல் என்று நினைத்தேன். காத்திருந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, தகடு முழுக்க அதிர்ந்தது, அந்த விரல் அசையவில்லை. ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. விட்டு இரண்டு தட்டினேன். மடங்கியது. பஸ்ஸின் ஆட்டம் வேறு, மனுஷன் தட்டுவது வேறு, ஒன்று வேறு, இரண்டு வேறு என்று இந்த வயதிலும், இந்தச் செவிட்டிலும், அந்த உள்ளங்கைக்குத் தெரிகிறது. அப்படியானால் அன்றைக்கும் தெரிந்திருக்கும். தட்டு வரவில்லை என்று தெரிந்தேதான் அடித்திருக்கிறான். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், போன பொருள் திரும்பக் கிடைத்தமாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே பழைய சூடு, அந்தக் கதவு மூடுகிற சத்தம். நிமிர்ந்தால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகத்தை இல்லை, தகட்டின் மேல் இருக்கிற என் கையை. பார்வை அந்த இரண்டு பாதி விரல்களில் நின்று, பிறகு மெதுவாக ஏறி என் முகத்துக்கு வந்தது. ஆபரேஷன் பண்ணின கண், தண்ணீர் கட்டியிருந்தது, அது மருந்தாகவும் இருக்கலாம். தாடை அசைந்தது. உதடு திறந்தது. சொல், சொல், சொல்லித் தொலை என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “லாலாப்பேட்டை, லாலாப்பேட்டையெல்லாம் முன்னால வாங்க” என்றார் கண்டக்டர்.

“மாமா, எந்திரிங்க, ஊரு வந்திருச்சு” என்று அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் எழுந்திருக்கப் பிடிமானம் தேடி என் கையைப் பிடித்தான். இடது கையை. பிடித்த கையை விடவில்லை. அவன் கட்டை விரல் என் விரல் நுனியில், எலும்பு முடிந்து தோல் மூடியிருக்கிற இடத்தில் ஒருதரம் தடவியது. ரிவெட் அடித்து முடித்தபிறகு தலை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பானே, அதேமாதிரி. முப்பது வருஷமாக அந்த இடத்தை மரகதத்தைத் தவிர யாரும் தொட்டதில்லை. “பாத்துக் கூட்டிட்டுப் போங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இதைச் சொல்லவா வாயைத் திறந்தேன்? “வரேனுங்கய்யா, அடுத்த தடவையாச்சும் ஜன்னல விட்டுக்குடுங்க” என்றாள் அவள். அவன் ஒவ்வொரு சீட்டாகக் கையை வைத்து வைத்து நடந்து, படியில் இறங்கினான். போய்விட்டான் என்று நினைத்தேன். பஸ் கிளம்பவில்லை. கூரைமேல் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மேலே தொம் தொம்மென்று விழுந்தது. அவன் பஸ்ஸின் பக்கவாட்டிலேயே, இடது உள்ளங்கையால் தகட்டைத் தடவிக்கொண்டே பின்னால் நடந்து வந்தான். என் ஜன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றான். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அவன் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. கை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும். நான் சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து, அந்த ஆடுகிற ஆணிக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். இப்போது அவன் வெளியே, நான் உள்ளே, நடுவில் தகடு. எல்லாம் அன்றைக்கு இருந்தமாதிரியே. இரண்டு தட்டுத் தட்டினேன். பலமாக, முட்டி வலிக்கத் தட்டினேன். முன்சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கையைத் தகட்டில் ஒட்டி வைத்துக் காத்திருந்தேன். வாயால் சொல்லவேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். திருப்பி ஒரு தட்டுப் போதும், அவனுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், தகட்டுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தால் போதும். கூரையில் சத்தம் நின்றது. தகடு சூடாக இருந்தது. அந்தப் பக்கமும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கையின் சூடும் இதில் கலந்திருக்கிறதா, வெயில் மட்டும்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “மாமா, வண்டி கெளம்புது, தள்ளி வாங்க!” என்று அவள் கத்துவது கேட்டது. விசில் ஊதினார்கள். எஞ்சின் அதிர்வு தகடு முழுக்க ஏறி வந்தது, அது வேறு, மனுஷன் தட்டுவது வேறு, எனக்குத் தெரியும், என் கைக்கும் தெரியும். பஸ் நகர்ந்தது. குளித்தலை வரைக்கும் கையை நான் எடுக்கவில்லை. அவன் திருப்பித் தட்டவில்லை. அந்த ஒரு தட்டு எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.